மஞ்சள் விளக்கு போட்டால் பழைய புத்தகம் விற்குமா?

பழைய பொருள் விற்கிறவர்களுக்கு இப்போது எல்லோரும் ஒரே புத்திமதியைத்தான் சொல்கிறார்கள். உன் கடையைப் பார்த்தால் பழைய பொருள் கடை என்று தெரியக் கூடாது. குவித்து வைக்காதே, பத்துப் பொருளை எடுத்து மர அலமாரியில் இடைவெளி விட்டு வை. மஞ்சள் விளக்கு போடு. ஒவ்வொன்றிலும் சணல் நூலில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டு அதன் ‘கதை’யை எழுது. விலையைக் குறைத்தால் மதிப்பும் குறையும், அதனால் ஏற்று. ஐந்நூறு என்று போடாமல் 499 என்று போடு. ‘கடைசிப் பிரதி’ என்று ஒட்டு. மூலையில் ஒரு ஃபில்டர் காபி மேசை. வாரம் இரண்டு ரீல்ஸ்.

சிறுதொழில் பயிற்சி வகுப்பிலும் இதைத்தான் சொல்கிறார்கள், கைபேசியில் வரும் வணிக ஆலோசகர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். அடையாறு, பெசன்ட் நகர் பக்கம் ஒரு கடை போடலாம் என்று நினைக்கிற இளைஞர் யாரைக் கேட்டாலும் முதலில் உள்அலங்காரத்துக்கு எவ்வளவு ஆகும் என்ற கணக்கோடுதான் பேச்சைத் தொடங்குகிறார். லஸ் சர்ச் ரோடு நடைபாதையில் புத்தகக் குவியலுக்கு நடுவே உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து, “பாவம் சார், இவங்களுக்கு மார்க்கெட்டிங் தெரியல” என்று இரக்கப்படுகிறவர்களும் உண்டு.

அந்த இரக்கம் இடம் மாறி விழுகிறது என்பது என் கட்சி. பழைய பொருள் வியாபாரத்தில் மதிப்பு கூடுவது கண்காட்சியில் அல்ல, கொள்முதலில். வாங்கும்போது எதை எடுக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று தெரிந்தவரிடமும், வந்து நிற்கும் ஆளுக்கு எது வேண்டும் என்று தெரிந்தவரிடமும்தான் விலை ஏறுகிறது. மற்ற ஜோடனையெல்லாம் பல நேரங்களில் விற்பனையைக் கெடுக்கவே செய்யும்.

இந்தப் புத்திமதி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். தி.நகர் உஸ்மான் ரோட்டிலிருந்து வந்தது. அங்கே விளக்குக்கு வேலை இருக்கிறது. ஒரே தறி, ஒரே ஆலை, ஒரே ரகத்தில் ஐம்பது புடவை. துணி கிழிந்திருக்குமோ, யாராவது உடுத்தியிருப்பார்களோ என்று வாடிக்கையாளர் பயப்படத் தேவையில்லை. பொருளைப் பற்றிச் சந்தேகமே இல்லாத இடத்தில் கடைக்காரர் செய்ய வேண்டியது ஒன்றுதான், ஆசையைக் கிளப்புவது. அதற்கு ஏசி, கண்ணாடி, விளக்கு எல்லாம் உதவும்.

பழைய பொருள் வாங்க வருகிறவர் மனத்தில் ஆசைக்கு முன்னால் ஒரு கேள்வி வந்து நிற்கிறது: நல்லா இருக்கிற சாமானை எதுக்கு விக்கிறாங்க? பழைய மிக்ஸி, பழைய பைக், பழைய கேமரா, பழைய கட்டில் எதுவானாலும் இந்தக் கேள்வி தப்பாது. அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-ல் எழுதிய ஒரு கட்டுரை இதைப் பற்றியதுதான். பழைய கார் விற்கிறவருக்குக் காரின் குறை தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. அதனால் வாங்குகிறவர் எல்லாக் காரையும் ஓட்டை கார் என்று எண்ணியே விலை கேட்கிறார். அந்த விலைக்கு நல்ல காரை விற்க யாரும் சம்மதிப்பதில்லை. கடைசியில் சந்தையில் ஓட்டை கார் மட்டுமே மிஞ்சுகிறது. மூன்று ஆய்விதழ்கள் அந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பின. 2001-ல் அதற்காகவே அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. புதுப்பேட்டையில் ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கப் போன எவருக்கும் இந்தக் கோட்பாட்டை யாரும் விளக்கத் தேவையில்லை.

சந்தேகத்தோடு வந்து நிற்கிறவர் முன்னால் பளபளப்பு என்ன செய்யும்? சந்தேகத்தைக் கூட்டும். பாலிஷ் போட்ட பழைய மேசையைப் பார்த்ததும் விவரம் தெரிந்தவர் குனிந்து அடிப்பக்கத்தைத்தான் பார்ப்பார். புது அட்டை போட்ட பழைய புத்தகத்தைக் கையில் எடுத்தால் உள்ளே எத்தனை பக்கம் போயிருக்கிறதோ என்றுதான் புரட்டுவார். சந்தேகத்தைக் குறைக்கக் கூடியது ஒன்றே ஒன்றுதான். குறையைக் கடைக்காரரே முதலில் சொல்லிவிடுவது. “கடைசி ரெண்டு பக்கம் இல்லை, பாத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டு அதற்கு ஏற்ற விலையைச் சொல்கிற கடைக்காரரின் மற்றப் புத்தகங்களை யாரும் பக்கம் எண்ணிப் பார்ப்பதில்லை. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அரிய புத்தகம் விற்கிறவர்களின் விலைப்பட்டியல்களைப் பார்த்தால் இது புரியும். எங்கே கறை, எங்கே மடிப்பு, எந்தப் பக்கத்தில் முந்தைய சொந்தக்காரரின் கையெழுத்து, முதுகு எவ்வளவு வெளுத்திருக்கிறது என்று குறைகளின் பட்டியலாகவே ஒவ்வொரு குறிப்பும் இருக்கும். அத்தனை குறையையும் சொல்லிவிட்டு ஆயிரம் பவுண்டு கேட்பார்கள், கிடைக்கும். நம்மூர் ஆலோசகர்கள் அட்டையில் எழுதச் சொல்கிற ‘கதை’யில் மட்டும் குறைக்கு இடமே இருப்பதில்லை.

இப்போது லஸ்ஸுக்கு வருவோம்.

லஸ் சர்ச் ரோடு நடைபாதையில் ஆழ்வார் என்பவரின் பழைய புத்தகக் கடை பல பத்தாண்டுகளாக நடந்தது. அவருக்குப் பிறகு அவர் குடும்பம் நடத்தியது. மயிலாப்பூரில் படித்து வளர்ந்த தலைமுறைகளுக்கு அந்தப் பெயர் தெரியும். பெயர்ப்பலகையும் அலமாரியும் கிடையாது. மழை வந்தால் பிளாஸ்டிக் ஷீட் இழுத்து மூடுவார்கள். ஆலோசகர்களின் பாடத்தில் செய்யக் கூடாதவை என்று வருகிற எல்லாமும் அங்கே இருந்தன. ஆனாலும் மருத்துவம், பொறியியல் படிக்கிறவர்கள் பாடப்புத்தகத்துக்கு அங்கே போனார்கள். எழுத்தாளர்களும் பேராசிரியர்களும் போனார்கள். ஏன் போனார்கள் என்பதற்கு ‘பழமையின் மணம்’ என்ற பதில் கட்டுரை எழுதுகிறவர்களுக்குப் பிடிக்கும். இரண்டாம் செமஸ்டர் புத்தகம் தேடி பட்ஜெட்டோடு வரும் பையனுக்கு மணம் எதற்கு?

அவன் போனது வேறு காரணத்துக்கு. அண்ணா பல்கலைக்கழகம் நான்கு வருஷத்துக்கு ஒருமுறை பாடத்திட்டத்தை மாற்றுகிறது. 2013 ரெகுலேஷன், 2017 ரெகுலேஷன், 2021 ரெகுலேஷன் என்று மாணவர்கள் அதை ஆண்டு சொல்லியே குறிப்பிடுவார்கள். ரெகுலேஷன் மாறிய மறுவருஷம் பழைய கைடுக்கு எடைக்குப் போட்டால் கிடைக்கிற விலைதான். ஆனால் அதே படிப்புக்கு வெளிநாட்டு ஆசிரியர் எழுதிய கனமான கணிதப் புத்தகமோ இயந்திரவியல் புத்தகமோ எந்த ரெகுலேஷன் வந்தாலும் போகும். எது செத்த சரக்கு, எது ஓடும் சரக்கு என்று நடைபாதைக்காரருக்குத் தெரிய வேண்டும். ஓடும் சரக்கில் எந்தப் பதிப்பு வரை பரவாயில்லை என்பதும் தெரிய வேண்டும். தமிழகப் பள்ளிப் பாடப்புத்தகங்கள் 2018-ல் மாறத் தொடங்கியபோது பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு மாட்டிக்கொண்டவர்களும் உண்டு, ஒரு வருஷம் முன்பே தள்ளிவிட்டவர்களும் உண்டு. இரண்டு பேரின் கடையும் பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருந்திருக்கும்.

அதோடு, படித்துவிட்டுக் கொண்டுவந்தால் பாதி விலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்கிற வழக்கம். நடைபாதைக் கடைகளில் பல ஊர்களில் இருக்கிற ஏற்பாடு இது. முந்நூறு ரூபாய் கொடுத்து வாங்கும் மாணவன் மனத்துக்குள் நூற்றைம்பதாகக் கணக்குப் போட்டுத்தான் வாங்குகிறான். ‘பொருளின் மதிப்பை வாடிக்கையாளர் மனத்தில் உயர்த்துவது எப்படி’ என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்களே, இதைவிடச் சுருக்கமாக யாராவது அதைச் செய்துகாட்டட்டும். பொருளைத் தொடவில்லை, விளக்கையும் தொடவில்லை. திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். சொன்ன வார்த்தைப்படி நடக்கிறவர் என்று பெயர் எடுக்கப் பல வருஷம் ஆகும். அந்தப் பெயரை எந்த உள்அலங்காரக்காரரிடமும் விலைக்கு வாங்க முடியாது.

இன்னொரு சரக்கைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பைண்டு செய்த தொடர்கதைகள். ஒரு காலத்தில் தமிழ் வீடுகளில் வாரப் பத்திரிகை வந்ததும் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கிழித்துச் சேர்த்து, கதை முடிந்ததும் பைண்டிங் கடையில் கொடுத்துக் காலிகோ முதுகு போட்டு வைத்துக்கொள்வார்கள். ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’யில் வந்தபோது மணியத்தின் ஓவியங்களோடு வந்தது. கொத்தமங்கலம் சுப்புவின் ‘தில்லானா மோகனாம்பாள்’ ‘ஆனந்த விகட’னில் கோபுலுவின் கோடுகளோடு வந்தது. கல்கியின் எழுத்துகள் 1999-ல் நாட்டுடைமை ஆகிவிட்டன. ‘பொன்னியின் செல்வ’னை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், அடிக்கிறார்கள், ஐந்து பாகமும் மலிவு விலையில் எங்கும் கிடைக்கிறது. கதைக்காக யாரும் பழைய பைண்டைத் தேட வேண்டியதில்லை. ஆனால் அந்த மங்கிய தாளில், வார இதழின் விளம்பரங்களோடு, மணியம் வரைந்த அளவிலேயே வந்தியத்தேவனைப் பார்க்க வேண்டும் என்று தேடுகிறவர் இருக்கிறார். பக்கம் விடாத பைண்டு என்றால் அவர் கேட்ட விலை கொடுப்பார்.

அதே பைண்டு மந்தைவெளியில் ஒரு பழைய பேப்பர் கடைத் தராசில் ஏறும்போது அது எத்தனை கிலோ என்பதுதான் கேள்வி. தராசிலிருந்து அதை யார் எடுக்கிறார், எடுத்தவர் கையில் புரட்டி ‘நடுவில் ஒரு அத்தியாயம் இல்லை, படம் முழுசா இருக்கு’ என்று அரை நிமிஷத்தில் சொல்ல முடிகிறதா என்பதில்தான் வித்தியாசம் பிறக்கிறது. அந்த அரை நிமிஷத்தில் விலை பத்து மடங்கு ஆகிவிட்டது. அப்புறம் அதை மஞ்சள் விளக்கில் வைத்தால் என்ன, சாக்குமேல் வைத்தால் என்ன? அலங்காரக் கடைக்காரர் அதே பைண்டை அட்டையின் நிறத்துக்காக அலமாரியில் ஜோடித்து, ‘பழங்காலப் புத்தகம்’ என்று பொதுவாக ஒரு விலை போட்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். பக்கத்திலேயே அதே விலையில் காலாவதியான ஒரு சட்டப் புத்தகம். இரண்டும் ஒரே உயரம், ஒரே பழுப்பு. கண்ணுக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

எதிர்க்கட்சியின் பலமான வாதத்தை எடுத்துக்கொள்கிறேன். பட்டுப்புடவை.

‘பழைய பட்டுப்புடவை வாங்குகிறோம்’ என்ற அறிவிப்பை மயிலாப்பூரிலும் தி.நகரிலும் பார்க்காதவர் இருக்க முடியாது. அங்கே புடவையைக் கொண்டுபோனால் சரிகையைச் சுரண்டிப் பார்ப்பார்கள். உள்ளே வெள்ளி இருந்தால் வெள்ளி எடைக்கு விலை. நிறமோ நெசவோ பாட்டியின் கல்யாணமோ எதுவும் கணக்கில் வராது. புடவை உருகப்போகிற உலோகம், அவ்வளவுதான். அதே மாதிரிப் புடவை ஒன்றை ‘வின்டேஜ் காஞ்சிபுரம்’ என்று ஒரு பொட்டிக்கில் தொங்கவிட்டால் பல மடங்கு விலைக்குப் போகிறது. “பாருங்கள், அதே பொருள், வைத்த இடம்தான் வேறு. காட்டுகிற விதம்தானே மதிப்பைக் கூட்டியது?” என்கிறார்கள்.

கூட்டவில்லை. அந்தப் புடவையைத் தொங்கவிடுவதற்கு முன்னால் யாரோ ஒருவர் நூறு புடவையைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். கரையும் உடலும் தனித்தனி நாடாவில் நெய்து கோர்த்த கோர்வையா, முந்தானையைப் பேட்னி போட்டு இணைத்ததா, இல்லை பிந்தி வந்த எளிய நெசவா என்று பார்த்திருக்கிறார். மடிப்பு மடிப்பாகப் பல வருஷம் பீரோவில் கிடந்த பட்டு மடிப்பின் மேலேயே கீறிக்கொள்ளும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து அதைப் பார்த்திருக்கிறார். சரிகை கறுத்திருக்கிறதா, வேர்வைக் கறை எங்கே என்று பார்த்திருக்கிறார். நூற்றில் பத்து தேறியிருக்கும். மீதித் தொண்ணூறும் சரிகைக் கடைக்கே போயிருக்கும். அந்தப் பத்தைப் பொறுக்கிய கையின் கூலியைத்தான் விளக்குக்கு வரவு வைக்கிறார்கள். பொறுக்கத் தெரியாதவர் அதே விளக்கின் கீழே மீதித் தொண்ணூறில் ஒன்றைத் தொங்கவிட்டு விற்றால், வாங்கிய பெண்மணி முதல் கல்யாணத்துக்கு உடுத்திக்கொண்டு உட்காரும்போது அது கிழியும். அதற்குப் பிறகு அந்தக் கடையின் மதிப்பை எந்த விளக்கும் தூக்கி நிறுத்தாது.

இனி என் வழக்கின் மையத்துக்கு வருகிறேன். ஆலோசகர்கள் எவரும் பேசாத ஒன்று உண்டு. பழைய பொருள் கடைக்கு இரண்டு வாசல். ஒன்றில் வாங்குகிறவர் வருகிறார், இன்னொன்றில் விற்கிறவர் வருகிறார். பெரும்பாலும் இருவரும் ஒரே ஆள். சென்ற வருஷம் புத்தகம் வாங்கிய மாணவன்தான் இந்த வருஷம் கட்டோடு வந்து நிற்கிறான். உஸ்மான் ரோட்டுக் கடைக்காரர் சூரத்திலிருந்து சரக்கு எடுக்கிறார். சூரத்து வியாபாரி அவர் கடைக்கு வந்து விலைச்சீட்டைப் படித்துக்கொண்டு நிற்பதில்லை. பழைய புத்தகக் கடையில் அப்படியில்லை. தாத்தாவின் அலமாரியை விற்க வருகிற பேரன் உள்ளே வந்து முதலில் பார்ப்பது நீங்கள் கட்டித் தொங்கவிட்ட அட்டையைத்தான். ‘இந்த ஜெயகாந்தன் 899-ஆ? எங்க வீட்ல பத்து இருக்கே!’ அடுத்து அவர் கேட்கிற விலைக்கு நீங்கள் வாங்க முடியாது. வாங்கவில்லையென்றால் அவர் வேறு இடம் போவார். விலையை ஏற்றிக் காட்டினால் வாங்குகிறவர் மனத்தில் மதிப்பு ஏறுகிறதோ இல்லையோ, விற்கிறவர் மனத்தில் கட்டாயம் ஏறும். அன்றைக்கே கொள்முதல் கட்டுப்படியாகாமல் போகிறது.

இதற்கு நேர்மாறாக நடைபாதையில் விலை, முதல் பக்கத்தில் பென்சிலில் எழுதியதாக இருக்கும், அல்லது கடைக்காரர் தலைக்குள் இருக்கும். தலைக்குள் விலை வைத்துக்கொள்வது எனக்கு உடன்பாடில்லை. பேரம் பேசக் கூச்சப்படுகிறவர் ஏமாறுகிறார். அதற்குப் பயந்தே பல பெண்கள் நடைபாதைக் கடையில் நிற்பதில்லை. பென்சில் விலை எழுதிவைத்து, அதில் பத்தோ இருபதோ குறைத்துக்கொள்ள இடம் விடுவது நியாயம். இங்கே ஒரு பழைய சிக்கலும் உண்டு. பின் அட்டையில் ‘விலை ரூ. 3.50’ என்று அச்சடித்திருக்கும். அதற்கு நூற்றைம்பது கேட்டால் சண்டைக்கு வருவார்கள். ஆலோசகர்கள் பழைய விலையை ஸ்டிக்கர் ஒட்டி மறைக்கச் சொல்கிறார்கள். ஸ்டிக்கரைப் பிய்த்துப் பார்க்காத தமிழ் வாசகரை நான் இதுவரை கண்டதில்லை. மறைக்காமல், “இது மறுபடி அச்சில் வரலை சார், அதான்” என்று காரணம் சொன்னால் பாதிப்பேர் கொடுத்துவிடுவார்கள். மறுபடி அச்சில் வந்திருக்கிறதா என்று கடைக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதுதான் விஷயம். நல்லவேளையாகப் பதிப்பகங்கள் பலவும் தி.நகரிலேயே இருக்கின்றன. தீனதயாளு தெருவில் வானதிக்குப் போய்க் கேட்டால் அவர்கள் புத்தகம் எது அச்சில் இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள்.

ஜப்பானின் ‘புக் ஆஃப்’பை எடுத்துக்காட்டி என்னை மடக்கப் பார்ப்பார்கள். 1990-ல் சகாமிஹாராவில் தொடங்கி நாடு முழுக்கப் பரவிய பழைய புத்தகக் கடைத்தொடர் அது. சூப்பர் மார்க்கெட் மாதிரி பளிச்சென்ற வெளிச்சம், வரிசையான அலமாரி, புத்தகத்தின் ஓரங்களை இயந்திரத்தில் தேய்த்துப் புதிது போலாக்குதல். அலங்காரக் கட்சிக்கு இதைவிடச் சாட்சி ஏது? ஆனால் அந்தக் கடையின் விளம்பர வாசகம் என்ன தெரியுமா? புத்தகம் வாங்க வாருங்கள் என்பதல்ல. புத்தகம் விற்பதென்றால் எங்களிடம் விற்க வாருங்கள் என்பது. நாடே முணுமுணுத்த அந்த விளம்பரப் பாட்டு கொள்முதலுக்கான பாட்டு. சரக்கு வந்தால் விற்றுக்கொள்ளலாம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்னொன்றும் நடந்தது. ஊழியர்கள் புத்தகத்தின் உள்ளடக்கத்தைப் பார்க்காமல் தாள் எவ்வளவு புதிதாக இருக்கிறது என்று பார்த்து விலை போட்டதால், அரிய புத்தகங்கள் நூறு யென் அலமாரிக்கு வந்தன. விவரம் தெரிந்த வியாபாரிகள் அங்கே போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்து வேறிடத்தில் நல்ல விலைக்கு விற்றுப் பிழைத்தார்கள். வெளிச்சம் நிறைய இருந்தும் எது என்ன விலை பெறும் என்பது கண்ணில் படவில்லை.

நம்மிடமும் ஒரு சாட்சி உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்தவர். ஒரு பொருளைப் பளிச்சென்று காட்டுவது எப்படி என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் வாழ்நாள் முழுக்கச் செய்தது பழைய புத்தகம், பழைய இதழ், நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம் என்று மற்றவர் எடைக்குப் போடுவதைச் சேர்த்தது. அவர் 1992-ல் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் திரட்டை விலைக்கு வாங்கியது. 1994-ல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. இன்று தரமணியில், அடையாற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 1 லட்சம் உருப்படிகளோடு தொடங்கிய அந்த நூலகத்தின் மதிப்பு, கோட்டையூர் வீட்டில் மூட்டையாகக் கிடந்தபோதே அதற்குள் இருந்ததுதான்.

“அப்படியானால் லஸ் நடைபாதைக்காரர் ஏன் நடைபாதையிலேயே இருக்கிறார்? உங்கள் கொள்முதல் ஞானம் அவரைக் கடை வைக்க விடவில்லையே” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அவரைக் கீழே வைத்திருப்பது மழை, ரொக்கம், விரட்டல் மூன்றும்தான். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு நல்ல மழைக்கு ஒரு மாசச் சரக்கு ஊறிப்போகும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரை வீடுகளிலேயே அலமாரி அலமாரியாகப் புத்தகம் போனது. நடைபாதையைப் பற்றிச் சொல்ல வேண்டாம். மயிலாப்பூரில் பழைய வீட்டை இடித்து அடுக்ககம் கட்டும்போது, ஒரு வக்கீல் வீட்டு நூலகம் முழுக்க ஒரே நாளில் காலியாக வேண்டும். பிள்ளைகள் அமெரிக்காவிலிருந்து இரண்டு வார விடுப்பில் வந்திருப்பார்கள். அன்று கையில் முப்பதாயிரம் ரொக்கமும் ஒரு குட்டியானை வண்டியும் இருப்பவருக்கு அந்த நூலகம். இல்லாதவருக்கு, அது பேப்பர் கடைக்குப் போனபின் மிஞ்சுவது. நடைபாதைக்காரர் தோற்கிற இடம் இது. விளக்கு இல்லாததால் அல்ல.

கூரை கொடுத்தால் போதுமா என்றால் அதுவும் போதாது. மூர் மார்க்கெட் 1900-த்தில் திறந்து, 1985 மே மாதம் எரிந்துபோனது. அங்கிருந்த பழைய புத்தகக்காரர்களுக்கு அல்லிக்குளம் வளாகத்தில் இடம் கொடுத்தார்கள். பாண்டி பஜார் நடைபாதை வியாபாரிகளையும் பின்னாளில் ஒரு மாடிக் கட்டடத்துக்குள் அனுப்பினார்கள். சுத்தமான கட்டடங்கள்தான். கூட்டம் வரவில்லை என்பதுதான் இரண்டு இடத்து வியாபாரிகளும் சொன்ன குறை. போகிற போக்கில் கண்ணில் பட்டு நின்று புரட்டுகிறவரை நம்பிய வியாபாரத்தை, தேடி மாடியேறி வந்தால்தான் உண்டு என்றாக்கினால் வேறென்ன ஆகும்? ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சி நடக்கும்போது வெளியே நடைபாதையில் விரிக்கிறார்களே பழைய புத்தகம், அவர்களுக்கு இந்தச் சூத்திரம் தெரியும். உள்ளே பத்து சதவீதக் கழிவுக்கு அலைந்து களைத்து வெளியே வருகிற கால்கள் தங்கள் முன்னால் நிற்கும் என்று தெரிந்துதான் அங்கே உட்காருகிறார்கள்.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். அடையாற்றில் சின்னக் கடை, வாடகை மாதம் 60,000. இரண்டு ஆள் சம்பளம், மின்சாரம், இதர செலவு 40,000. ஆக 1 லட்சம். ஒரு பழைய புத்தகத்தில் 60 ரூபாய் நிற்கிறது என்றால் மாதம் 1,667 புத்தகம் விற்க வேண்டும். ஒரு நாளுக்கு 55-க்கும் மேல். பத்துப் புத்தகத்தை இடைவெளி விட்டு அடுக்கிவைத்த அலமாரியிலிருந்து தினம் ஐம்பத்தைந்து எப்படிப் போகும்? சரி, புத்தகத்துக்கு 300 நிற்க வேண்டும் என்று வைத்தால் தினம் பதினொன்று போதும். ஆனால் அந்த லாபம் நிற்கக் கூடிய புத்தகம் மாதம் முந்நூற்றுச் சொச்சம் கிடைக்க வேண்டும். அதை யார் கொண்டுவந்து தருவார்? கணக்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் கொள்முதலில்தான் வந்து நிற்கிறது.

தூசி தட்ட வேண்டாம், துறைவாரியாகப் பிரிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சட்டம் ஒரு பக்கம், சமையல் ஒரு பக்கம் என்று பிரித்து வைப்பது தேடுகிறவருக்குச் சொல்கிற தகவல். பூச்சி அரித்ததைத் தனியாக வைப்பதும் தகவல். அதற்குப் பெயர் அலங்காரம் இல்லை. ‘கடைசிப் பிரதி’ என்று ஒட்டுவது மட்டும் எனக்குச் சிரிப்பாக வருகிறது. பழைய புத்தகக் கடையில் எது கடைசிப் பிரதி இல்லை?

அடையாற்றில் கடை போட நினைக்கிற தம்பிக்கு ஒரு யோசனை. உள்அலங்காரத்துக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியை ரொக்கமாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் ‘பழைய புத்தகம் வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்ளப்படும்’ என்று எழுதி எண் போடுங்கள். அடுக்ககச் சங்கச் செயலாளர்களிடமும் வீடு மாற்றும் வண்டிக்காரர்களிடமும் அந்த எண் இருக்கட்டும். ஏப்ரல், மே மாதங்களில் கல்லூரித் தேர்வு முடிகிற நாள்களைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். போகிக்கு முந்தைய வாரம் மயிலாப்பூர், மந்தைவெளி, ஆழ்வார்பேட்டை பேப்பர் கடைகளில் தராசு காலை முதல் ராத்திரி வரை ஓயாது. அந்த வாரம் கடையைப் பூட்டிவிட்டு, மணியம் படத்தைப் பார்த்ததும் அடையாளம் தெரிகிற ஒரு பெரியவரை வண்டியில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கடை கடையாகப் போங்கள்.